தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

மண்டையோடு முன்கூட்டியே மூடிக்கொள்ளும் குறை பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நமது பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரசிலேயே ஒரு குறை என்றால், "அது அவன் தலையெழுத்து" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவதும் நமது பழக்கம்தான்.

மனித மண்டையோட்டைப் பார்த்தால் அதன் மேலே கோடுகள் வளைந்து நெளிந்து ஓடும். யாரோ புரியாத எழுத்தில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். பிரம்மன் எழுதிய எழுத்து அதுதான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். உண்மையில் அவை எலும்பும் எலும்பும் சேருகிற பொருத்துகள். அந்தப் பொருத்துகளில் ஒன்று காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால் என்ன நடக்கும்? அப்படிப்பட்ட தலையோடு வளர்ந்த பிள்ளை பதினாறு வயதில், "எனக்கு ஒப்பரேசன் செய்யலாமா?" என்று கேட்டால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்? இந்த இதழின் சுகாதாரப் பாடம் இதைப் பற்றித்தான்.

மண்டையோடு வளரும் விதம்

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். உச்சியில் கை வைத்தால் மெத்தென்று துடிக்கிற இடத்தை உச்சிக்குழி என்கிறோம் அல்லவா? அது தகடுகள் சந்திக்கிற நாற்சந்தி போன்ற இடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் மூடும். சில பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரைகூட போகும்.

இந்த இடைவெளிகள் எதற்கு? ஒன்று, பிரசவத்தில் தலை சற்று ஒடுங்கி வெளியே வருவதற்கு. மற்றது, உள்ளே மூளை வளர இடம் கொடுப்பதற்கு. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 சென்ரிமீற்றர். ஒரு வயதில் அது 46, 47 ஆகிவிடும். பெரியவர்களுக்கு 55, 56 இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் வளர வேண்டிய 20 சென்ரிமீற்றரில் பாதிக்கு மேல் முதல் பன்னிரண்டு மாதத்திலேயே வளர்ந்து முடிகிறது. தலைக்கு அந்த முதல் வருடம் அவ்வளவு முக்கியம்.

நெற்றிக்கு நடுவே உள்ள பொருத்து ஒன்று மட்டும் முதல் வருடத்துக்குள் இயற்கையாகவே மூடும். அது குறை அல்ல. மற்றவை வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகுதான் முழுதாக ஒட்டும். இந்த ஒழுங்கு தப்பி, தாயின் வயிற்றிலோ பிறந்த புதிதிலோ ஏதாவது ஒரு பொருத்து எலும்பாகி மூடிக்கொள்வதைத்தான் டொக்டர்மார் 'கிரேனியோசினோஸ்டோசிஸ்' என்கிறார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் துண்டில் இந்தப் பெயர் எழுதியிருந்தால் விஷயம் இதுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 2000 முதல் 2500 பிறப்புகளுக்கு ஒரு பிள்ளைக்கு இது வருகிறது.

கல்லிடுக்கில் காய்த்த பூசணிப் பிஞ்சை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் தடுக்கிற பக்கம் தட்டையாகும். தடுக்காத பக்கம் பிதுங்கி வளரும். தலையும் அப்படியே. மூடிய பொருத்துக்குக் குறுக்கே வளர முடியாது. ஆகவே மற்றத் திசையில் நீளும். 1851இல் ஜெர்மனி நாட்டு வைத்தியர் ருடோல்ஃப் விர்ஹோ இந்த விதியை எழுதி வைத்தார். எந்தப் பொருத்து மூடியது என்பதைத் தலையின் வடிவத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்:

– உச்சியில் முன்னிருந்து பின்னாக ஓடும் பொருத்து மூடினால் தலை தோணி மாதிரி நீண்டு ஒடுங்கும். மிகுதியாக வருவது இந்த வகை. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.
– நெற்றி நடுப் பொருத்து அளவு மீறி முந்தி மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூர்ந்து, நடுவில் வரப்பு மாதிரி மேடு தெரியும்.
– நெற்றிக்கு மேலே குறுக்கே ஓடும் பொருத்து ஒரு பக்கம் மூடினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, கண் குழியும் மேலே இழுபட்டிருக்கும். இரண்டு பக்கமும் மூடினால் தலை அகன்று குட்டையாகும்.
– பின்மண்டைப் பொருத்து மூடுவது மிகவும் அரிது.

சில பிள்ளைகளுக்குப் பல பொருத்துகள் சேர்ந்து மூடி, முகமும் கை விரல்களும்கூட மாறியிருக்கும். 1906இல் அபேர் என்பவரும் 1912இல் குருசோன் என்பவரும் விவரித்த நோய்கள் அப்படிப்பட்டவை. இரண்டு பேரும் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள். இந்த நோய்கள் மரபணு மாற்றத்தால் வருபவை. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே விசேட வைத்தியர்கள் கவனித்து வர வேண்டும்.

பழி யார் மேல்?

யார் மேலும் இல்லை. இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். ஏனென்றால் லயத்தில் முதலில் பழி விழுவது தாயின் மேல்தான். "வயித்துல பிள்ளையை வச்சிக்கிட்டு கிரகணத்துல வெளிய வந்தா" என்பார்கள். "மலையில குனிஞ்சி குனிஞ்சி கொழுந்து எடுத்ததால வந்தது" என்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கொழுந்து எடுத்ததாலும் வருவதில்லை. ஒற்றைப் பொருத்து மூடிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது.

இன்னொன்று. குளிப்பாட்டும்போது பாட்டிமார் குழந்தையின் தலையை உருட்டிப் பிடித்துவிடுவார்கள். அன்பினால் செய்வது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் எலும்பாகி மூடிய பொருத்தை எந்தக் கையாலும் பிடித்துத் திறக்க முடியாது. அழுத்திப் பிடித்தால் பிஞ்சுத் தலைக்கு ஆபத்துதான். "பிடிச்சி விட்டா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பதால் நல்ல காலம் கை நழுவிப் போகிறது.

ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

நமது பிராந்தியத்துத் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்குத் தலை நீளம். நெற்றி முன்னே தள்ளியிருக்கும். அவனுடைய பாட்டி, "இது அறிவாளித் தலை" என்று சொல்லியே வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'தோணி'. பையன் நன்றாகப் படிக்கிறவன். ஆனால் தொப்பி இல்லாமல் வெளியே போகமாட்டான். படம் எடுக்கிற இடத்தில் நிற்கமாட்டான்.

போன வருடம் பள்ளிக்கூட வைத்தியப் பரிசோதனைக்கு வந்த டொக்டர் அவன் தலையைத் தொட்டுப் பார்த்து, இது இன்ன குறை, இதற்குச் சத்திரசிகிச்சை உண்டு என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் பிடித்த வாக்குவாதம் பல நாள் ஓயவில்லை. தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்தாவது செய்வோம் என்றார் அம்மா. "ஆம்பிளைப் பிள்ளைக்கு அழகு எதுக்கு? நல்லா இருக்கிற மண்டையை வெட்டி, ஏதாவது ஆயிடிச்சின்னா?" என்று கேட்டார் தாய்மாமன். அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் எல்லோருமாக எங்களிடம் வந்தார்கள்.

பையனிடம் தனியாகக் கேட்டோம். அவன் சொன்னது இதுதான்: "ஐயா, நான் சினிமாவுல நடிக்கவா கேக்கிறேன்? பஸ்ஸுல ஏறினா எல்லாரும் திரும்பிப் பாக்காம இருந்தா போதும்."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, மாமா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பையன் சொன்னதைத் தள்ளவே முடியாது. ஆனால் இந்த மூன்று பேரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: உள்ளே அழுத்தம் இருக்கிறதா?

தலையின் வடிவம் வெளியே தெரிகிற விஷயம். உள்ளே மூளைக்கு இடம் போதுமா என்பதுதான் உயிரான விஷயம். ஒரு பொருத்து மட்டும் மூடியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மூளை வேறு பக்கம் இடம் பிடித்து நன்றாகவே வளர்ந்துவிடும். படிப்பிலும் வேலையிலும் மற்றவர்களுக்குச் சளைக்க மாட்டார்கள். ஆனால் சிலருக்கு மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடும். பல பொருத்துகள் மூடியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அழுத்தம் நாட்பட்டால் கண்ணுக்குப் போகும் நரம்பு வீங்கிக் கெட்டுப்போகும். அப்படிப் போன பார்வை திரும்பி வராது.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

– அடிக்கடி தலைவலி. முக்கியமாகக் காலையில் எழும்பும்போது, அல்லது இருமினால், குனிந்தால் கூடும் தலைவலி
– தலைவலியோடு வாந்தி
– பார்வை மங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி கண் இருட்டுவது
– புதிதாக மாறுகண் விழுவது
– நன்றாகப் படித்த பிள்ளை காரணமில்லாமல் பின்தங்குவது, எப்போதும் தூங்கி வழிவது
– வலிப்பு

தலைவலி என்றால் சித்தாலேப பூசி, இரண்டு பெனடோல் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். சாதாரணத் தலைவலிக்கு அது போதும். ஆனால் தலையின் வடிவம் மாறியிருக்கிற பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி வந்தால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. மழையில் நனைந்தது, போன் பார்த்தது என்று நாமாகவே காரணம் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டு, கருமணியை விரியவைத்து, கண்ணின் உட்புறத்தில் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வலி இல்லை. சில மணி நேரம் வெளிச்சத்தில் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். பிறகு சீ.டி. ஸ்கேன் எடுத்தால் எந்தப் பொருத்து மூடியது, உள்ளே எலும்பின் நிலை என்ன என்று தெரியும். கண் நன்றாக இருந்தும் மற்ற அறிகுறிகள் இருந்தால் டொக்டர் மேலும் பரிசோதிப்பார். சிலருக்கு மண்டையோட்டில் மிகச் சிறிய துளையிட்டு, ஒன்றிரண்டு நாள் அழுத்தத்தை நேரடியாக அளந்து பார்ப்பதும் உண்டு.

அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்தால் அது அழகுக்கான ஒப்பரேசன் அல்ல. கண்ணையும் மூளையையும் காப்பாற்றுவதற்கானது. அங்கே பரீட்சை முடியட்டும், திருவிழா முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

அழுத்தம் இல்லை என்றால்?

அப்போது அவசரம் இல்லை. யோசிக்க நேரம் இருக்கிறது. இதுவே ஒரு நல்ல செய்தி. வடிவத்துக்காகச் செய்வதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. அதற்குச் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சத்திரசிகிச்சை நேற்று வந்தது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் லானெலோங்கும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் லேன் என்பவரும் முதன்முதலாக எலும்பை வெட்டித் திறந்தார்கள். 1967இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் போல் டெஸியே, மண்டையோட்டையும் முக எலும்பையும் சேர்த்துத் திருத்தும் முறையை உலகத்துக்குக் காட்டினார். 1990களில், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளுக்குச் சிறு வெட்டு மூலம் குழாய்க் கருவியால் செய்யும் முறையும் வந்தது.

ஆனால் குழந்தைக்குச் செய்வதும் பதினாறு வயதில் செய்வதும் ஒன்றல்ல. குழந்தையின் எலும்பு மெல்லியது, வளையக்கூடியது. வெட்டிய இடத்தில் இடைவெளி இருந்தாலும் புது எலும்பு வளர்ந்து மூடிவிடும். மூளை வளர வளர அதுவே தலையை உள்ளிருந்து தள்ளி வடிவம் கொடுக்கும். வயது ஏறினால் எலும்பு தடித்துவிடும். இடைவெளி தானாக மூடாது. வேறு எலும்பை வைத்து நிரப்ப வேண்டும். மூளை வளர்ந்து முடிந்ததால் உள்ளிருந்து தள்ளுகிற உதவியும் கிடையாது. நெற்றி எலும்புக்குள் காற்றறை உருவாகியிருக்கும். அது மூக்கோடு தொடர்புடையது என்பதால் கிருமி தொற்றும் பயமும் உண்டு. இளங்கன்றை ஒரு விரலால் வளைக்கலாம். அடிமரம் முற்றியதை வளைக்க வாள் வேண்டும். செய்ய முடியாதது அல்ல. ஆனால் பெரிய வேலை.

பெரிய ஒப்பரேசன் எப்படி நடக்கும்?

முழு மயக்கம் கொடுப்பார்கள். ஒரு காதிலிருந்து மறு காது வரை, முடிக்குள்ளே, நேர்கோடாக இல்லாமல் வளைத்து வளைத்துத் தோலைக் கீறுவார்கள். வளைத்துக் கீறினால் முடி வளர்ந்தபின் தழும்பு தெரியாது. பிறகு எலும்பைத் துண்டுகளாக எடுத்து, திருத்தி, மறுபடி பொருத்தி, டைட்டேனியம் என்ற உலோகத்தால் ஆன சிறு தகடும் ஆணியும் போட்டு இறுக்குவார்கள். பல மணி நேரம் எடுக்கும். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். முடிந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கவனிப்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகலாம். பார்க்கிற தாய்க்கு நெஞ்சு பதறும். அது எதிர்பார்க்கிற வீக்கம்தான். சில நாளில் வடியும். உச்சந்தலை பல மாதம் மரத்தது போல இருக்கலாம்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்தப் போக்கு, கிருமித் தொற்று, மூளையை மூடிய உறை கிழிந்து நீர் கசிவது, மயக்க மருந்தால் வரும் சிக்கல், எலும்பு சரியாக ஒட்டாமல் போவது ஆகியவை வரலாம். கண், மூளை பாதிக்கப்படுவதும் உயிராபத்தும் அரிது. ஆனால் அறவே இல்லை என்று எந்த நேர்மையான டொக்டரும் சொல்லமாட்டார்.

சின்ன வழிகளும் உண்டு

அழுத்தம் இல்லாதவர்களுக்கு மண்டையோட்டைத் திறக்காமலே செய்யும் வழிகள் இருக்கின்றன. வரப்பு மாதிரி எழும்பி நிற்கும் மேட்டைச் சீவிவிடலாம். பள்ளமாக உள்ள இடத்தில் எலும்பைப் போன்ற சீமெந்தையோ, ஸ்கேன் பார்த்து அளவாகச் செய்த தகட்டையோ வைத்து நிரப்பலாம். இவையும் ஒப்பரேசன்தான், தொற்று ஏற்பட்டால் வைத்ததை எடுக்க வேண்டி வரும். ஆனால் பெரிய ஒப்பரேசனைவிட ஆபத்துக் குறைவு. உள்ளே அழுத்தம் இருக்கிறவர்களுக்கு இது உதவாது.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழி. முடி வெட்டும் விதத்தை மாற்றினாலே பலருக்கு வித்தியாசம் மறைந்துவிடும். அதற்காக ஆஸ்பத்திரியை மறந்துவிடக் கூடாது. டொக்டர் சொல்கிறபடி கண்ணைக் காட்டிக்கொண்டே வர வேண்டும்.

முடிவு யாருடையது?

இலங்கைச் சட்டப்படி பதினெட்டு வயதானால்தான் மேஜர். அதற்கு முன் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கையெழுத்து அப்பாவுடையது என்றாலும் தலை பிள்ளையுடையது. வடிவத்துக்காகச் செய்கிற விஷயத்தில் பிள்ளை மனதார வேண்டும் என்று சொல்லாமல் செய்யக் கூடாது. அதேபோல், பிள்ளை வேண்டும் என்று சொல்லும்போது, "உனக்கென்ன தெரியும்?" என்று வாயை அடைக்கவும் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பரேசன் தலையின் வடிவத்தை மாற்றும். முழுக்க முழுக்க மற்றவர்களைப் போல ஆக்கிவிடும் என்று உறுதி கிடையாது. பரீட்சைப் புள்ளியைக் கூட்டாது. கூச்சத்தை ஒரே நாளில் போக்காது. இதைத் தெரிந்துகொண்டும் வேண்டும் என்று தோன்றினால் அது வெறும் அழகு ஆசை அல்ல. உலகத்தில் நிமிர்ந்து நடக்க ஆசைப்படுவது பாவமும் அல்ல. வேண்டாம் என்று தோன்றினால் அது கோழைத்தனமும் அல்ல.

அந்தப் பையனை கிளினிக்குக்கு அனுப்பினோம். கண் நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே அழுத்தத்துக்கு அடையாளம் இல்லை என்றார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் அவனை உட்காரவைத்து, பெரிய வழி, சின்ன வழி, சும்மா இருக்கும் வழி என்று மூன்றையும் அவனுக்கே விளக்கினார். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் யோசித்தான். "இப்ப வேணாம். பரீட்சை எழுதுறேன். வருசா வருசம் கண்ணைக் காட்டுறேன். பதினெட்டு முடிஞ்ச பிறகும் இதே நினைப்பு இருந்தா நானே போய்க் கேக்கிறேன்" என்றான். அன்றைக்குத்தான் அவனுடைய அப்பா முதல் தடவையாக வாய் திறந்து, "அப்ப நானும் கூட வாறேன்" என்றார். இதே நிலையில் இன்னொரு பிள்ளை செய்துகொள்கிறேன் என்று முடிவு எடுக்கலாம். அதுவும் சரியான முடிவாகவே இருக்கும். கேள்விகளை வரிசையாகக் கேட்டு, பதிலைத் தெரிந்துகொண்டு எடுத்த முடிவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

கிளினிக்கில் கூட்டம் இருக்கும். பயத்தில் எல்லாம் மறந்துபோகும். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாஷை சிக்கல் இருந்தால் விளங்கப்படுத்தக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

1. எந்தப் பொருத்து மூடியிருக்கிறது? ஒன்றா, பலவா?
2. உள்ளே அழுத்தம் இருக்கிறதா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
3. செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?
4. செய்தால் எவ்வளவு மாற்றம் தெரியும்? எது மாறாது?
5. சின்ன வழி இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா?
6. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்த அனுபவம் இங்கே இருக்கிறதா?
7. எத்தனை நாள் தங்க வேண்டும்? எவ்வளவு காலம் பள்ளிக்கூடம் போக முடியாது?
8. இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் நட்டம் உண்டா?

எங்கே போவது, செலவுக்கு என்ன வழி?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிக் கடிதம் வாங்கி, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கிருந்து நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆகவே நிபுணர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே நகையைக் கொண்டுபோய் அடகு வைக்காதீர்கள், வட்டிக்கு வாங்காதீர்கள்.

ஆனாலும் செலவு இல்லாமல் இல்லை. பஸ் காசு, சாப்பாடு, கூட நிற்பவரின் நாள் பேர் போவது எல்லாம் சுமைதான். கிளினிக் திகதி தெரிந்தவுடன் நலன்புரி உத்தியோகத்தரிடமும் தோட்டத் தலைவரிடமும் சொல்லுங்கள். லீவுக்கும் முற்பணத்துக்கும் பேச வசதியாக இருக்கும். பெரிய செலவு வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கிளினிக் கொப்பி, ஸ்கேன் படம், துண்டுகள் எல்லாவற்றையும் மழை படாமல் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தால்

காய்ச்சல், காயத்தில் சீழ், மூக்கிலிருந்தோ காயத்திலிருந்தோ தெளிந்த நீர் வடிவது, வர வர மயக்கம் கூடுவது, வலிப்பு – இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காயத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூச வேண்டாம். டொக்டர் சரி என்று சொல்லும் வரை பந்து விளையாட்டு, எல்லே, மரம் ஏறுவது கூடாது. விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் எதையும் தலையில் ஏற்றக் கூடாது. கொழுந்துக் கூடையின் கயிற்றையும் தலையில் மாட்டக் கூடாது. டொக்டருக்கு நமது வேலை தெரியாது. "தலையில் கயிறு போட்டுக் கூடை சுமப்போம்" என்று நாம்தான் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

ஒரு வயதுக்குள் கண்டுபிடித்தால் இந்தப் பாடத்தில் பாதி தேவையே இல்லை. ஆகவே குழந்தையின் தலையைக் கவனியுங்கள். உச்சிக்குழி பிறந்த சில மாதங்களிலேயே தட்டுப்படாமல் போவது, பொருத்து ஓடும் இடத்தில் கெட்டியான மேடு, மாதம் ஆக ஆக வடிவம் மோசமாவது, தலைச்சுற்று வளராமல் நிற்பது – இவை இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். கிளினிக்கில் நிறை பார்ப்பதோடு தலைச்சுற்றையும் அளந்து பதியும்படி கேளுங்கள். ஒரே பக்கமாகப் படுத்ததால் பின்தலை தட்டையாவதும் உண்டு, அது வேறு. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க, குப்புறப் போட்டு விளையாட விட்டால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். எது எது என்று டொக்டர் சொல்லட்டும்.

பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் சகோதரிகளும், பள்ளிக்கூட ஆசிரியர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். முக்கியமாக ஆசிரியர்கள், வகுப்பில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடக் கூடாது. டொக்டர் திருத்துவது எலும்பைத்தான். நமது வாயைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

உங்கள் லயத்தில் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், குழந்தையானாலும் வளர்ந்தவரானாலும், தலையெழுத்து என்று விட்டுவிடாதீர்கள். பதறவும் வேண்டாம். முதலில் கண்ணைக் காட்டுங்கள். மற்றதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். கடிதம் எழுதவோ கூட வரவோ ஆள் தேவைப்பட்டால் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்.